கடற்கொள்ளைக்கு எதிரான காவல் கப்பலின் தளத்திலேயே தொடங்க வேண்டும்

2017 ஆம் ஆண்டு மார்ச் 13 ஆம் திகதி, ஜிபூட்டியிலிருந்து மொகடிஷு துறைமுகத்தை நோக்கி எரிபொருளுடன் சென்றுகொண்டிருந்த ஏரிஸ் 13 என்ற எண்ணெய்க் கப்பல் சோமாலியாவின் வடகிழக்குக் கரையோரத்தில் கடற்கொள்ளையரால் கடத்தப்பட்டது. அதிலிருந்த பணியாளர்கள் எட்டுப் பேரும் இலங்கையர்கள். தங்கள் உறவினர்களை உயிருடன் மீட்டுத் தருமாறு அவர்களது குடும்பத்தினர் விடுத்த உருக்கமான வேண்டுகோள்கள் இந்நாட்டு மக்களின் நெஞ்சைத் தொட்டன. கப்பலைச் சோமாலிய வர்த்தகர்களே வாடகைக்கு அமர்த்தியிருந்தனர் என்பது தெரியவந்ததாலும், பன்ட்லாந்துப் பிராந்தியப் படையினர் கொடுத்த நெருக்குதலாலும் மூன்றே நாட்களில் கப்பம் எதுவுமின்றி அவர்கள் விடுவிக்கப்பட்டனர். 2012 ஆம் ஆண்டிற்குப் பின்னர் சோமாலியக் கடற்கொள்ளையரிடம் பெரிய வணிகக் கப்பல் ஒன்று சிக்கிக்கொண்டது அதுவே முதற்தடவையாகும்.

எட்டுப் பேரும் வீடு திரும்பியதுடன் அச்சம்பவம் எமது நினைவிலிருந்து மறைந்துவிட்டது. ஆனால், அந்தக் கப்பல் ஏன் அகப்பட்டது என்ற கேள்வி இன்றும் கேட்கப்பட வேண்டியதேயாகும். அது மெதுவாகச் செல்லும் கப்பல். அதன் தளம் நீர்மட்டத்திலிருந்து அதிக உயரத்தில் இருக்கவில்லை. சொகோத்ரா தீவுக்கும் ஆபிரிக்காவின் கொம்புமுனைக்கும் இடையிலான குறுக்குவழியால் அது கரையை அண்டிச் சென்றது. நேரத்தையும் எரிபொருளையும் மீதப்படுத்துவதற்காகப் பல கப்பல்கள் நாடும் வழி அது. கப்பற்றுறையினர் பல ஆண்டுகளாகத் தமக்குத் தாமே விடுத்துவந்த எச்சரிக்கைகள் யாவும் இங்கு ஒரே கப்பலில் மீறப்பட்டிருந்தன.

கடற்கொள்ளை பற்றிப் பேசும்போது போர்க்கப்பல்களைப் பற்றியே நாம் அதிகம் பேசுகின்றோம். 2008 ஜூன் மாதத்தில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 1816 ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியதும், அவ்வாண்டு டிசெம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் 'அட்டலாண்டா' கடற்படை நடவடிக்கையை ஆரம்பித்ததும், அடுத்த மாதம் அமெரிக்காவின் முன்முயற்சியில் பல நாடுகளின் கூட்டுப்படை அமைக்கப்பட்டதும், இந்தியாவும் சீனாவும் தத்தமது கப்பல்களை அனுப்பியதும் பெரும் பயனைத் தந்தன என்பதில் ஐயமில்லை. எனினும், ஏடன் வளைகுடாவிலிருந்து மாலைதீவு வரையில் விரிந்து கிடக்கும் கடற்பரப்பில் சில பத்துப் போர்க்கப்பல்களால் எல்லா இடங்களிலும் நின்றுகொண்டிருக்க முடியாது. கொள்ளையரின் படகு கண்ணிற்படும் நேரத்திற்கும் அவர்கள் தளத்தில் ஏறும் நேரத்திற்கும் இடையில் இருப்பது பெரும்பாலும் சில நிமிடங்களே. அந்த நிமிடங்களில் கப்பல் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். அதற்கான வழிமுறைகள் தெரியாதவையுமல்ல, எட்டாத செலவுடையவையுமல்ல. அவற்றிற்குப் பணம் செலவிட வேண்டியவர் ஒருவராகவும், செலவிடாததன் விளைவை அனுபவிப்பவர் இன்னொருவராகவும் இருப்பதுதான் பிரச்சினை.

கொள்ளையர் கையாளும் முறையை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கடல் மைல் தொலைவுக்குச் செல்வதற்குச் சிறு படகுகள் போதா. ஆகவே, மீன்பிடிக் கப்பலொன்றையோ பாய்மர வள்ளமொன்றையோ முதலில் கைப்பற்றித் தமது தாய்க்கப்பலாக்கிக் கொள்கின்றனர். அதிலிருந்து ஓரிரு வேகப் படகுகள் இறக்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் சில பேர், துப்பாக்கிகள், ரொக்கற் செலுத்தி, கொக்கி பொருத்திய நீண்ட ஏணி. கப்பலின் பிற்பகுதியை அணுகி, சுக்கான் அறையை நோக்கிச் சுட்டுக் கப்டனை அச்சுறுத்தி வேகத்தைக் குறைக்கச் செய்து, ஏணியைக் கொளுவி ஏறுகின்றனர். விடியற்காலையும் மாலை மங்கும் வேளையும் அவர்கள் விரும்பும் நேரங்கள். கடல் கொந்தளித்தால் சிறு படகுகளால் இயங்க முடிவதில்லை. எனவேதான், பருவக்காற்றுக் காலத்தில் தாக்குதல்கள் குறைந்து, கடல் அமைதியடைந்ததும் அதிகரிக்கின்றன. ஏறுவதற்குரிய சில நிமிடங்களே இத்திட்டத்தில் மிகவும் பலவீனமான கட்டம். ஏறுவதைத் தாமதப்படுத்தும் எந்த ஏற்பாடும் கப்பலுக்கு இலாபமே.

இந்த அறிவை ஒன்றுதிரட்டிக் கப்பற்றுறைச் சங்கங்களும் கடற்படைகளும் இணைந்து ஒரு வழிகாட்டிக் கைநூலை உருவாக்கின. 'சிறந்த முகாமைத்துவ நடைமுறைகள்' எனப் பொருள்படும் பெயருடன் அது வெளிவந்தது. அதன் நான்காம் பதிப்பு 2011 இலும் ஐந்தாம் பதிப்பு 2018 இலும் வெளியாகின. 2025 இல் உலகின் எல்லாக் கடற்பரப்புகளுக்கும் பொருந்தும் வகையில் அது விரிவுபடுத்தப்பட்டது. 2011 ஆம் ஆண்டுப் பதிப்பு வலியுறுத்திய அடிப்படைகள் மூன்று: ஆபத்தான கடற்பரப்பினுள் நுழையுமுன் ஐரோப்பிய ஒன்றியக் கடற்படையின் கடல்சார் பாதுகாப்பு நிலையத்தில் பதிவுசெய்தல், பயணத்தின்போது ஐக்கிய இராச்சியத்தின் கடல் வணிகச் செயற்பாட்டு நிலையத்திற்கு நாள்தோறும் தகவல் அளித்தல், கப்பலிற் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்துகொள்ளுதல். முதலிரண்டிற்கும் மின்னஞ்சலும் தொலைபேசியும் போதும். அவற்றைக்கூடச் செய்யாத கப்பல் எங்கே இருக்கின்றது என்பது உதவிக்கு வரவேண்டிய கடற்படைக்குத் தெரியாமற் போகின்றது. ஏடன் வளைகுடாவைக் கடக்கும் கப்பல்கள் 2009 இல் வகுக்கப்பட்ட பாதுகாப்புப் பாதையினூடாகக் கூட்டமாகச் செல்ல வேண்டும் என்ற ஆலோசனையின் நோக்கமும் இதுவேயாகும்.

கப்பலின் முதற் கவசம் அதன் வேகம். மணிக்கு 18 கடல் மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் சென்ற கப்பல் எதிலும் கொள்ளையர் ஏறியதாகத் தகவல் இல்லை என 2011 ஆம் ஆண்டுக் கைநூல் குறிப்பிட்டது. கொள்கலன் கப்பல்கள் பலவற்றால் அந்த வேகத்தில் செல்ல முடியும். நிலக்கரியும் தானியமும் எண்ணெயும் ஏற்றிச்செல்லும் கப்பல்களாலோ பெரும்பாலும் முடியாது. சுமையேற்றியபின் அவற்றின் தளம் நீர்மட்டத்திற்கு அண்மையில் வந்துவிடுகின்றது. தளத்தின் உயரம் எட்டு மீற்றருக்குக் குறைந்தால் ஆபத்து அதிகம் எனக் கணிக்கப்படுகின்றது. 2008 நவம்பரில் ஏறத்தாழ 20 இலட்சம் பீப்பாய் மசகு எண்ணெயுடன் சென்ற சிரியஸ் ஸ்டார் என்ற சவூதி அரேபிய இராட்சதக் கப்பல், கென்யாவின் மொம்பாசாவிலிருந்து நூற்றுக்கணக்கான கடல் மைல்களுக்கு அப்பால் சிறு படகுகளில் வந்த சிலரிடம் அகப்பட்டதற்கு இதுவே காரணம். கப்பலின் பிரமாண்டம் அதற்குப் பாதுகாப்பல்ல. சுமை நிறைந்த யானைக்கு நாணற் புதரும் தடையாகலாம் என்பது போல, பெருங்கப்பலே சில வேளைகளில் இலகுவான இரையாகின்றது.

இத்தகைய கப்பல்கள் வேறு வழிகளை நாட வேண்டும். தளத்தைச் சுற்றிச் சுருள் முட்கம்பி வேலி அமைத்தல் அவற்றில் முதன்மையானது. தீயணைப்புக் குழாய்களை வெளிப்புறம் நோக்கிப் பொருத்தி நீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தால் ஏணியைக் கொளுவுவது கடினமாகும். படகிலும் நீர் நிரம்பும். கப்பலை இடமும் வலமுமாகத் திருப்பிச் செலுத்தினால் அதனால் எழும் அலைகள் படகை அருகே அண்டவிடா. சுக்கான் அறையின் கண்ணாடிகளுக்குச் சிதறாத படலம் ஒட்டுதலும், மணல் மூட்டைகளையும் கம்பிவலையையும் வைத்தலும் அங்கு நிற்போரின் உயிரைக் காக்கும். வெளிப்புற ஏணிகளை அகற்ற வேண்டும். கதவுகளை உட்புறமாகப் பூட்ட வேண்டும். இவையனைத்திற்கும் மேலாக வேண்டப்படுவது விழித்திருக்கும் கண். மேலதிகக் காவற் கடமைக்கு ஆட்களை நிறுத்தி, தொலைநோக்கியும் ராடரும் கொண்டு கப்பலின் பின்புறத்தையும் கவனித்துவந்தால், தம்மைக் கண்டுகொண்டார்கள் என்பதை அறிந்தவுடனேயே பல கொள்ளையர் திரும்பிவிடுகின்றனர். ஆனால், செலவைக் குறைப்பதற்காகக் குறைந்தபட்ச எண்ணிக்கையிலேயே பணியாளரை ஏற்றும் கப்பலில், ஏற்கெனவே களைத்துப்போனவர்களிடம் இந்தக் கூடுதல் விழிப்பை எவ்வாறு எதிர்பார்ப்பது?

இவையெல்லாவற்றையும் மீறிக் கொள்ளையர் ஏறிவிட்டால் எஞ்சியிருப்பது காப்பரண் அறை. கப்பலின் உட்பகுதியில், பெரும்பாலும் இயந்திரப் பகுதியை அண்டி, இரும்புக் கதவுகளுடன் அமைக்கப்படும் இவ்வறையினுள் பணியாளர் அனைவரும் புகுந்து பூட்டிக்கொண்டு இயந்திரத்தை நிறுத்திவிடுவர். பணயக்கைதிகள் இல்லாத, ஓட்ட முடியாத கப்பலால் கொள்ளையருக்குப் பயனில்லை. வெளியே கைதிகள் இல்லை என்பது உறுதியானால் கடற்படை வீரர்கள் தயக்கமின்றி ஏறலாம். 2010 செப்டெம்பரில் மெகலன் ஸ்டார் கப்பல் அவ்வாறே மீட்கப்பட்டது. 2011 ஒக்டோபரில் மொன்ரேகிறிஸ்ரோ கப்பலின் பணியாளர் 23 பேரும் உள்ளே பூட்டிக்கொண்ட வேளையில் வெளியுலகத் தொடர்பு அறுந்துபோனது. அவர்கள் போத்தலொன்றினுள் கடிதம் வைத்துக் கடலில் எறிந்து, தாம் யாவரும் பாதுகாப்பாக இருப்பதைக் கடற்படைக்கு அறிவித்து மீட்கப்பட்டனர். 2024 ஜனவரியில் லீலா நோர்போக் கப்பலின் 21 பணியாளரையும் இந்தியக் கடற்படையினர் காப்பரண் அறையிலிருந்து மீட்டெடுத்தனர்.

எனினும், இவ்வறை ஒரு மந்திரக் கோட்டையல்ல. 2011 ஜனவரியில் சீஷெல்ஸுக்கு வடக்கே பெலுகா நொமினேஷன் கப்பலின் பணியாளர் இவ்வாறு பூட்டிக்கொண்டபோது உதவிக்கு எவரும் உரிய நேரத்தில் வந்துசேரவில்லை. கொள்ளையர் அறையை உடைத்து உட்புகுந்தனர். பணியாளர் சிலர் உயிரிழந்தனர். உணவு, நீர், மருந்து, மலசலகூட வசதி ஆகியவற்றுடன் வெளியுலகுடன் இருவழியாகப் பேசக்கூடிய தனியான தொடர்புச் சாதனமும் அங்கிருத்தல் வேண்டும். பணியாளரில் ஒருவரேனும் வெளியே அகப்பட்டால் அம்முறை முற்றாகத் தோல்வியடையும். 2009 ஏப்ரலில் மேர்ஸ்க் அலபாமா கப்பலின் பணியாளரிற் பெரும்பாலானோர் உள்ளே ஒளிந்துகொண்டு கப்பலைக் காத்தனர். ஆனால், கப்டன் றிச்சர்ட் பிலிப்ஸ் கொள்ளையரிடம் அகப்பட்டு, அமெரிக்கக் கடற்படையினர் மீட்கும் வரை உயிர்காப்புப் படகொன்றில் பல நாட்கள் தடுத்துவைக்கப்பட்டிருந்தார். பயிற்சியின்றி, ஒத்திகையின்றி, அறையை மட்டும் அமைத்து வைப்பதால் ஆவது எதுவுமில்லை.

பெரும் சர்ச்சைக்குரிய ஏற்பாடு தனியார் ஆயுதக் காவலர்கள். ஆரம்பத்தில் தயங்கிய நாடுகளும் 2011 ஆம் ஆண்டளவில் இதற்கு இடமளிக்கத் தொடங்கின. அக்காலத்தில் ஆயுதக் காவலர்களைக் கொண்ட கப்பல் எதனையும் சோமாலியக் கொள்ளையர் கடத்திச் செல்லவில்லை என்பதைக் கப்பற்றுறையினர் பெருமையுடன் சுட்டிக்காட்டுவதுண்டு. அதில் உண்மை இருக்கின்றது. ஆனால், அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2012 பெப்ரவரி 15 ஆம் திகதி, கேரளக் கரைக்கு அப்பால் மீன்பிடித்துக்கொண்டிருந்த இருவர், என்றிக்கா லெக்ஸி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலிற் காவலுக்கு நின்ற கடற்படை வீரர்களால் கடற்கொள்ளையரெனக் கருதப்பட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களில் ஒருவர் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தவர். அங்கு சுட்டவர்கள் தனியார் காவலரல்லர், அரச படையினர். ஆண்டுக்கணக்கில் நீடித்த வழக்கு, இத்தாலி பத்துக் கோடி இந்திய ரூபாவை நட்டஈடாகச் செலுத்தியதன் பின்னர் 2021 இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. ஒரு படகில் வருபவர் வலை இழுப்பவரா, ஏணி தூக்குபவரா என்பதைத் தொலைவிலிருந்து கணிப்பது எளிதல்ல. சுடுவதற்கான விதிகள் எழுத்தில் இருக்க வேண்டும். துப்பாக்கி கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும்.

ஆயுதம் ஏந்திக் கடலில் உலவுவோருக்குச் சட்டச் சிக்கலும் உண்டு. 2013 ஒக்டோபரில் சீமன் கார்ட் ஓஹையோ என்ற காவற் கப்பல் தூத்துக்குடிக்கு அருகே ஆயுதங்களுடன் தடுத்து வைக்கப்பட்டு, அதிலிருந்த 35 பேர் கைதாகினர். 2016 இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட அவர்கள், மேன்முறையீட்டில் 2017 இலேயே விடுதலையாகினர். இலங்கையும் இவ்விடயத்தில் வெறும் பார்வையாளராக இருக்கவில்லை. கப்பற்றுறையினர் வகுத்த அதியுயர் ஆபத்து வலயத்தின் கிழக்கு எல்லை ஒருகாலத்தில் கன்னியாகுமரிக்கு அப்பால், கிழக்கு நெடுங்கோடு 78 பாகை வரை நீண்டிருந்தது. எனவே, வலயத்தினுள் நுழையும் கப்பல்களில் காவலர்கள் ஏறவும் இறங்கவும் காலித் துறைமுகம் வசதியாக அமைந்தது. காலிக்கு அப்பால் நின்ற மிதக்கும் ஆயுதக் களஞ்சியம் 2015 இல் இந்நாட்டு அரசியலில் எழுப்பிய புயல் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

இனி, செலவு என்ற முக்கிய விடயத்திற்கு வருவோம். கடற்கொள்ளை உச்சத்தில் இருந்த 2011 ஆம் ஆண்டில், சோமாலியக் கடற்கொள்ளையால் உலகிற்கு ஏற்பட்ட மொத்தச் செலவு ஏறத்தாழ 700 கோடி டொலர் எனக் கணிக்கப்பட்டது. அதில் 270 கோடி டொலர் வரையில் வேகத்தைக் கூட்டியதால் எரிந்த எரிபொருளுக்கே சென்றது. இதற்கு மாறாக, 2005 முதல் 2012 வரையில் 179 கப்பல்களுக்காகச் செலுத்தப்பட்ட கப்பம் மொத்தமாக 34 கோடிக்கும் 41 கோடிக்கும் இடைப்பட்ட டொலர் என்பது உலக வங்கி முதலான அமைப்புகளின் மதிப்பீடு. கப்பம் செலுத்துவது காவலை விட மலிவாகத் தோன்றும் இக்கணக்குத்தான் சில உரிமையாளரை அசட்டையாக இருக்கத் தூண்டுகின்றது. ஆனால், மனித உயிர் இக்கணக்கில் இடம்பெறுவதில்லை.

மலேசியக் கொடியுடன் சென்ற அல்பேடோ கப்பலின் கதை இதற்குச் சான்று. 2010 நவம்பரில் கடத்தப்பட்ட அதில் பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கை, இந்தியா, ஈரான் ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்கள் இருந்தனர். பாகிஸ்தானியர் எழுவர் தம் நாட்டவர் திரட்டிய பணத்தினால் 2012 இல் விடுவிக்கப்பட்டனர். ஏனையோருக்காகப் பணம் திரட்ட எவருமில்லை. 2013 ஜூலையில் கப்பல் கடலில் மூழ்கியபோது பணியாளர் நால்வர் மாண்டனர். எஞ்சிய 11 பேரும் 2014 ஜூனில், மூன்றரை ஆண்டுகளுக்குப் பின்னரே உயிர் தப்பினர். கடத்தப்பட்ட கப்பலின் பெறுமதி காப்புறுதியால் ஈடுசெய்யப்படலாம். கடத்தப்பட்ட மாலுமியின் மூன்றரை ஆண்டுகளை யார் ஈடுசெய்வது?

எனவே, கப்பற்றுறை செய்ய வேண்டியவை தளத்தில் முட்கம்பி கட்டுவதுடன் முடிவடைவதில்லை. கப்பலை வாடகைக்கு எடுப்பவர், பாதுகாப்பான சுற்றுவழிக்கும் கூடுதல் வேகத்திற்கும் ஆகும் செலவை ஏற்கும் வகையில் ஒப்பந்தங்கள் அமைய வேண்டும். ஆபத்தெனக் கருதினால் வழியை மாற்றும் உரிமை கப்டனுக்கு ஐயமின்றி இருக்க வேண்டும். காப்புறுதி நிறுவனங்கள் பாதுகாப்பு நடைமுறைகளைப் பின்பற்றும் கப்பலுக்குச் சலுகையும், பின்பற்றாத கப்பலுக்குக் கூடுதல் கட்டணமும் விதித்தால், உபதேசத்தால் திருந்தாதவர் கணக்கேட்டைப் பார்த்தாவது திருந்துவர். கடற்கொள்ளையரின் பிடியிலிருக்கும் காலம் முழுவதும் பணியாளருக்குச் சம்பளம் வழங்கப்பட வேண்டுமெனக் கடல்சார் தொழிலாளர் சமவாயத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2020 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது தாளில் மட்டும் இருந்துவிடலாகாது.

விழிப்பு நிலைத்திருக்க வேண்டும் என்பதே அண்மைய ஆண்டுகள் தரும் பாடம். 2011 இல் 237 ஆக இருந்த சோமாலியத் தாக்குதல்கள் 2013 இல் 15 ஆக வீழ்ச்சியடைந்தன. ஆபத்து நீங்கிவிட்டதெனக் கருதி, 2023 ஜனவரி முதலாம் திகதி அதியுயர் ஆபத்து வலயம் முற்றாக நீக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் யேமனின் ஹூதி படையினர் செங்கடலில் வணிகக் கப்பல்களைத் தாக்கத் தொடங்க, கடற்படைகளின் கவனம் அங்கு திரும்பியது. டிசெம்பரில் ருவென் என்ற சரக்குக் கப்பல் கடத்தப்பட்டது. இந்தியக் கடற்படை மூன்று மாதங்களின் பின்னர் அதனை மீட்டு 17 பணியாளரை விடுவித்து, 35 கொள்ளையரைக் கைதுசெய்தது. 2024 ஜனவரியில் ஆறு மீனவருடன் கடத்தப்பட்ட இலங்கையின் லொரென்சோ புத்தா 4 என்ற பலநாள் மீன்பிடிப் படகைச் சீஷெல்ஸ் பாதுகாப்புப் படையினர் மீட்டுக்கொடுத்தனர். மார்ச்சில் ஆயுதக் காவலரின்றிச் சென்ற பங்களாதேஷின் அப்துல்லா கப்பல் 23 பணியாளருடன் கடத்தப்பட்டு, கப்பம் செலுத்தப்பட்ட பின்னர் ஏப்ரலில் விடுவிக்கப்பட்டது. 2025 நவம்பரில் ஹெல்லாஸ் அப்ரோடைற் எண்ணெய்க் கப்பலில் கொள்ளையர் ஏறியபோது, அதன் 24 பணியாளரும் காப்பரண் அறையினுள் இருந்தமையால் ஸ்பானியப் போர்க்கப்பல் வரும்வரை தப்பிப் பிழைத்தனர். ஆயத்தம் செய்திருந்தவருக்கும் செய்யாதவருக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்க இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

எல்லாக் கடல்களுக்கும் ஒரே மருந்து பொருந்தாது என்பதையும் குறிப்பிட வேண்டும். சோமாலியாவில் கப்பலையும் ஆட்களையும் சேர்த்துப் பிடித்துக் கப்பம் கேட்கின்றனர். மேற்கு ஆபிரிக்காவின் கினி வளைகுடாவிலோ ஆட்களை மட்டும் கடத்திச் செல்கின்றனர். 2020 இல் உலகில் கடத்தப்பட்ட 135 கப்பற் பணியாளரில் 130 பேர் அங்கேயே கடத்தப்பட்டனர். அங்குள்ள நாடுகள் தமது கடல் எல்லையினுள் வெளிநாட்டுத் தனியார் ஆயுதக் காவலரை அனுமதிப்பதில்லை. மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளில் இரவிற் களவாக ஏறித் திருடுவதே பெரும்பான்மை. அங்கே அயல்நாடுகளின் கூட்டு ரோந்தும், 2006 இல் சிங்கப்பூரில் அமைக்கப்பட்ட தகவற் பரிமாற்ற நிலையமும் உதவின. இலங்கையும் அவ்வுடன்படிக்கையில் ஓர் உறுப்பு நாடாகும்.

கடற்கொள்ளையின் வேர் கரையிலேயே இருக்கின்றது என்பதை நாம் மறுக்கவில்லை. 1991 இல் சோமாலிய அரசு சிதைந்ததும், அந்நியக் கப்பல்கள் அதன் மீன்வளத்தைச் சூறையாடியதும், இளைஞருக்குத் தொழிலின்மையும் இதற்கு வித்திட்டன. அந்த வேரைக் களைவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். அதுவரை மாலுமியைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

இந்நாட்டிலிருந்து கடல் தொழிலுக்குச் செல்லும் இளைஞர்கள், ஒப்பந்தத்திற் கையொப்பமிடுமுன் சம்பளத்தை மட்டுமன்றி, கப்பல் செல்லும் வழியையும், அதிலுள்ள பாதுகாப்பு ஏற்பாடுகளையும், காப்புறுதியையும் வினவ வேண்டும். அவர்களை அனுப்பும் முகவர் நிலையங்களிடம் இவ்விபரங்களைக் கேட்டுப் பதிவுசெய்வதை அரசாங்கம் கட்டாயமாக்க வேண்டும். நெடுந்தூரம் செல்லும் மீன்பிடிப் படகுகளுக்குத் தடையற்ற தொடர்பு வசதியையும் உறுதிப்படுத்த வேண்டும். சில சுருள் முட்கம்பிகளும், ஒரு பூட்டிய அறையும், ஒரு தொலைபேசியும், சற்றுச் சுற்றிச் செல்லும் பாதையும் இல்லாத காரணத்தால் ஒரு குடும்பம் தன் பிள்ளைக்காக ஆண்டுக்கணக்கில் கண்ணீர் வடிக்க நேருமாயின், அதற்கான பொறுப்பைக் கொள்ளையர் மீது மட்டும் சுமத்திவிட்டு உரிமையாளர்கள் ஒதுங்கிக்கொள்ள இடமளிக்கலாகாது என்பதே எமது நிலைப்பாடாகும்.